நானும் மாமியும் கிளினிக்குக்குப் போன புதன்கிழமைகள்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலடியில் என்னைப் பற்றி நல்ல கதையொன்று உலாவுகிறது. நோன்பு மாதத்தில், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கஞ்சி பகிர்ந்துகொண்டிருக்கும்போது, நான் பெரிய கஞ்சிக் கிடாரத்துக்குப் பக்கத்தில் விழுந்து துடித்தேனாம். உடம்பு சரியில்லாத நிலையிலும் நோன்பை விடாத மனிதனாம். விழுந்ததும் துடித்ததும் உண்மை. மற்றதெல்லாம் சனங்களின் நல்ல மனசு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "தம்பி அஸ்மி, ஒங்கட நிய்யத்துக்கு அல்லாஹ் கூலி வெச்சிரிப்பான்" என்று கண் கலங்கினார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

என்னை விழுத்தியது பசியல்ல, மருந்துக் குளிசை. அதுவும் குளிசையைக் குடித்ததால் அல்ல, குடித்துப் பழகியதை ஒரேயடியாக நிறுத்தியதால். இதை வெளியே சொல்ல வெட்கம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அடுத்த நோன்புக்கு என்னைப் போல இன்னொருவன் விட்டுவிடுவேன் என்று மனதில் நிய்யத் வைத்துக்கொண்டு விழக்கூடாதே என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

நான் வயரிங் வேலை செய்கிறவன். பிறந்தது மருதமுனை, பெண் எடுத்தது நிந்தவூர். எங்கள் பகுதியில் ஆம்பிளைதான் கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். அந்த வீட்டுக்கு நான் எத்தனை மின்விசிறி பூட்டினாலும் ஓடு ஒன்றுகூட என்னுடையதல்ல. பிரச்சினை ஒன்று வந்தால் சாரனையும் சேர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட வேண்டியவன் நான். நல்ல நாளில் இதை வைத்துப் பகிடி விடுவோம். கெட்ட நாளில் அது பகிடியாக இராது.

என் மனைவி ஸில்மியாவுக்கு மூதூரில் அரசாங்க உத்தியோகம். கிழமை நாட்களில் அங்கேயே தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவாள். அவளுடைய வாப்பா மௌத்தாகி வருஷக்கணக்காகிறது. ஆகவே வீட்டில் இருப்பது நான், எங்கள் மகள் ஹனா, ஸில்மியாவின் உம்மா. அவரை நான் மாமி என்பேன். என்பேன் என்று எழுதிவிட்டேன், ஆனால் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. மாமியும் மருமகனும் முகத்துக்கு நேரே கதைப்பதில்லை என்பது எங்கள் பழைய வழக்கம். கோபம் ஒன்றுமில்லை, அது மரியாதை. இப்போது பல வீடுகளில் இந்த வழக்கம் போய்விட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை. நான் ஹோலில் இருந்தால் மாமி குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று, "ஹனா, வாப்பாக்குச் சோறு வெச்சிரிக்கி எண்டு சொல்லு" என்பார். நான், "சரி எண்டு சொல்லு மகள்" என்பேன். ஹனா பள்ளிக்கூடம் போயிருந்தால் மாமி பூனையிடம் சொல்லுவார். "பூன, சோறு ஆறுது." பூனைக்கு எங்கள் வீட்டில் நல்ல மதிப்பு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு பல்ப் மாலை கட்டும்போது எனக்கு ஏணி சறுக்கியது. இடுப்பு நாரியில் நரம்பொன்று நசுங்கி வலி காலுக்குள் இறங்கியது. டொக்டர் நரம்பு வலிக்கென்று ஒரு கப்சியூல் எழுதித் தந்தார். அதன் பெயரை எழுதமாட்டேன். தேடுகிறவன் தேடிக்கொண்டுதான் இருப்பான். அவர் தந்ததில் பிழையில்லை. சொன்ன காலத்துக்குச் சொன்ன அளவில் எடுத்தால் நல்ல மருந்து, என் வலியும் அதனால்தான் போனது.

வலி போன இடத்துக்கு வேறொன்று வந்தது. ஏணியில் இரண்டு படி ஏறினால் நெஞ்சு அடித்தது, உள்ளங்கை வியர்த்தது, மூச்சு முட்டியது, இதோ மௌத்து என்று தோன்றியது. கீழே இறங்கினால் அடங்கியது. வயரிங்காரனுக்கு ஏணிப் பயம் என்றால் கடலுக்குப் போகிறவனுக்குத் தண்ணிப் பயம் மாதிரி. யாரிடம் சொல்லுவது? மனைவி உழைக்கிறாள், மாமி சமைக்கிறார், நான் ஏணியைப் பார்த்து நடுங்குகிறேன். மிச்சமிருந்த கப்சியூலில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். உடம்பு முழுக்க ஓர் அமைதி. ஏறினேன், வேலையை முடித்தேன், பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைய அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் என்மேல் எனக்கே பாவமாக இருக்கிறது. பிறகு ஏணிக்கு ஒன்று, சனங்களுக்கு முன்னால் போக ஒன்று, சும்மா இருக்க ஒன்று. மிச்சம் முடிந்ததும் தெரிந்த ஒருவனிடம் வாங்கத் தொடங்கினேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதைதான்.

நோன்பு மாதம் எங்கள் ஊரில் எத்தனையோ பேரின் சிகரெட்டை நிறுத்தியிருக்கிறது. பகல் முழுக்க விட்டவன் இரவிலும் விட்டுவிடுவான். குளிசையும் அப்படித்தான் என்று நினைத்தேன். தலைப்பிறை கண்ட அன்று, இனிமேல் ஒன்றும் தொடமாட்டேன் என்று நிய்யத் வைத்தேன். முதலில் வியர்வை வந்தது. அடுத்து கை நடுங்கியது, நித்திரை போனது, கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. நான் இதையெல்லாம் நோன்பின் சோதனை என்று எடுத்துக்கொண்டு இன்னும் பல்லைக் கடித்தேன். ஈமான் எது, நரம்பு எது என்று தெரியாத மடையன். கடைசியாக நினைவிருப்பது கஞ்சியின் வாசமும், சட்டியோடு நின்ற பிள்ளைகளின் கூச்சலும்.

கண் விழித்தபோது வார்டில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. வலிப்பு வந்ததாகத் தாதி சொன்னார். காரணம் தேடத் தொடங்கினார்கள். சீனி பார்த்தார்கள். இரத்தத்தில் உப்பு பார்த்தார்கள். உடம்பில் உப்பு குறைந்தாலும் வலிப்பு வருமாம். பெரிய வளையத்துக்குள் தலையை விட்டு ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் கட்டியோ இரத்தக் கசிவோ இல்லை என்று வந்தது. எல்லாம் நல்லதாக வரவர எனக்கு மட்டும் பயம் கூடியது. மற்றதெல்லாம் பார்த்து முடிந்தால் இனி என் வாயைத்தானே பார்ப்பார்கள்.

அப்படியே இளம் டொக்டர் ஒருவர் வந்து கட்டிலடியில் நின்றார். "மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா? குளிசை, வேற ஏதாவது?"

"ஒண்டுமில்ல டொக்டர். நோன்புதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். ஸில்மியா மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது மாமி. கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சைத் திரையொன்று இருந்தது. மாமி வழக்கம்போல் அதற்குப் பின்னால் நின்றிருக்கிறார். "டொக்டர்" என்று அவர் கூப்பிடும் சத்தமும் கைப்பையின் ஸிப் இழுபடும் சத்தமும் கேட்டன.

"மருமகனுக்குக் கேக்காமச் சொல்றன் டொக்டர். இந்தாங்க, இதெல்லாம் அவர்ர. மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு வெறும் பெட்டி பூட்டி வெச்சிரிக்காரு, அதுக்குள்ள இருந்திச்சி. வெறும் பெட்டிய ஒரு மனிசன் என்னத்துக்கு நெடுகத் துறந்து துறந்து மூடுற?"

வெறும் குளிசை அட்டைகள் உரசும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு காலமா எடுக்கிறார் உம்மா?"

"அது தெரியா. பாவம், நல்ல மனிசன். ஏசிப் போடாதீங்க."

மருமகனுக்குக் கேட்காமல் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. கட்டில் சீலையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அழுதேன். கண்டுபிடித்துவிட்டாரே என்று அழவில்லை. ஏசிப் போடாதீங்க என்றாரே, அதற்குத்தான் அழுதேன்.

டொக்டர் ஏசவில்லை. விளங்கப்படுத்தினார். இந்த மருந்து நரம்புகளை அமைதிப்படுத்தும். நீண்ட காலம் கூடுதலாக எடுத்தால் மூளை அந்த அமைதியை மருந்திடமே விட்டுவிட்டுத் தான் சும்மா இருக்கும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நரம்பெல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கும், அந்தக் கத்தல்தான் வலிப்பு. ஆகவே திரும்பவும் குறைந்த அளவில் தந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வேண்டும். "அது உடம்புக்கு" என்றார். "வலி போன பொறகும் ஏன் எடுத்தீங்க எண்டதுக்கு மருந்து இல்ல. அதக் கதைக்க ஒராள் வேணும். மேல்மாடியில மனநலப் பிரிவு இருக்கு. எழுதித் தாரன்."

மேல்மாடி என்றதும் நான் வேண்டாம் என்றேன். அங்கே போனதை யாரும் கண்டால் நாளைக்கு ஹனாவை யார் கல்யாணம் முடிப்பான் என்றுகூட யோசித்தேன். ஹனாவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருக்கும் வயது.

வார்டில் கிடந்த நாட்களில் பெரிய கஷ்டம் பகலில் சாப்பிடுவதுதான். நோன்பு பிடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரே பட்டினி கிடக்கும் நேரத்தில் எப்படி வாயில் வைப்பது? பக்கத்துக் கட்டிலில் சொறிக்கல்முனைப் பக்கத்து விவசாயி ஒருவர் காலில் காயத்தோடு இருந்தார். என் தட்டு அப்படியே ஆறுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் அங்கால திரும்பிப் படுக்கன். நீங்க சாப்பிடுங்க" என்று காயக்காலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தார். அது அவருக்குச் சின்ன வேலையில்லை, வலித்திருக்கும். ஒவ்வொரு பகலும் அப்படிச் செய்தார்.

ஸில்மியா வந்தாள். அழுது முடித்த முகத்தோடு வந்தாள். "ஏன் என்னட்டச் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டாள். என் தலைக்குள் வேறொரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: பையைக் கட்டு என்று யார் முதலில் சொல்லப் போகிறார்கள், இவளா, இவள் உம்மாவா?

வீட்டுக்கு வந்தேன். பையைக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேல்மாடி வேண்டாம் என்றவன் வெளியே ஆள் தேடத் தொடங்கினேன்.

கூட்டாளி ஒருவன் ஊரிலேயே கவுன்சலிங் படித்த ஒரு பெண் இருப்பதாகச் சொன்னான். போனேன். உட்கார்ந்த உடனே, "ஸில்மியா ராத்தா எப்பிடி இரிக்கா? உங்கட மாமிக்கு நாரி வருத்தம் சொகமா?" என்று கேட்டார். மாமியின் சாச்சி மகளின் மகளாம். நிந்தவூரில் சொந்தமில்லாத ஆளைத் தேடுவது கடலில் உப்பில்லாத இடம் தேடுவதுதான். நான் என்ன செய்ய? "உங்கட ஃபேன் ஒண்டு சத்தம் போடுது எண்டு கேள்விப்பட்டன்" என்றேன். அதிசயமாக அவருடைய ஃபேன் உண்மையிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு, ஒரு பிளேன்டியும் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தவர் வேறு ஊரில் இருந்தார். சுவர் நிறையப் படங்கள். நான் வாய் திறக்க இடமே தரவில்லை. மனவுறுதி இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார், அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார், கடைசியில் கையடித்துச் சத்தியம் வாங்கினார். மனவுறுதியால்தானே ஐயா நான் கஞ்சிக் கிடாரத்தடியில் விழுந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. மரியாதைக்காக விழுங்கிக்கொண்டேன்.

மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள், வார்டில் என்னைப் பார்த்த தாதி வழியில் கண்டு, "மேல போனீங்களா?" என்று கேட்டார். ஊரெல்லாம் தேடிய கதையைச் சொன்னேன். சிரித்தார். "தலைக்கு மேல இரிக்கிற ஆள விட்டுட்டு ரோட்டு ரோட்டாத் தேடிரிக்கீங்களே. நானும் போன நான்தான், பிள்ள கிடைச்ச பொறகு. என்ன, எனக்குக் கொம்பா மொளச்சிரிக்கி?" அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்ன விதத்துக்காகவே மேலே ஏறினேன். படியில் நெஞ்சு அடித்தது. ஏணியல்ல, சீமெந்துப் படிதான், அதற்கும் அடித்தது.

அங்கேதான் சுகந்தி மிஸ் இருந்தார். யாழ்ப்பாணப் பக்கத்தவர், எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள். எனக்கு ஊரிலும் சொந்தமில்லை, பேச்சிலும் சொந்தமில்லை, அதுவே பெரிய ஆறுதல். மருந்தைக் குறைக்கும் கணக்கை மனநல டொக்டர் பார்த்துக்கொண்டார். கதை எல்லாம் மிஸ்ஸோடு. எனக்கு வந்திருப்பது பதற்றத் தாக்கம் என்று மிஸ் விளங்கப்படுத்தினார். ஆபத்து இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து என்று மணி அடிப்பதாம். மணி பொய்யானாலும் அடிக்கிற சத்தம் உண்மை என்பதால்தான் மனிதன் பயப்படுகிறான். கேட்டதும் ஒரு பாரம் இறங்கியது. நான் கோழையில்லை, மணிதான் பழுது. பழுது என்றால் எனக்குத் தெரிந்த விஷயம்.

குளிசையை என் கையில் வைக்கக்கூடாது, வீட்டில் ஒருவர் வைத்துத் தர வேண்டும் என்றார்கள். "கிழமை முழுக்க உங்களோட இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார் மிஸ். அப்படித்தான் அடுத்த புதன்கிழமை மாமி வந்தார்.

மிஸ் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டிருந்தார். "இருங்கோ அம்மா. ரெண்டு பேரும் முகத்தைப் பாத்து மனம்விட்டுக் கதையுங்கோ."

மாமி கதிரையைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமி அபாயாவைச் சரிசெய்துகொண்டு கதவால் வெளியே போய்விட்டார். நானும் எழும்பி மூலைக்குப் போய்விட்டேன். நடுவில் மிஸ் தனியே நின்றார்.

"என்ன, வீட்டில பெரிய சண்டையோ?"

"சண்டை இல்ல மிஸ்."

கதவுக்கு வெளியிலிருந்து மாமியின் குரல் வந்தது. "மருமகனோட எனக்கென்ன சண்ட மிஸ்? நாங்க நல்ல மரியாதையா இரிக்கம்."

வழக்கத்தை நான் தட்டித் தடவிச் சொன்னேன். மிஸ் கவனமாகக் கேட்டார். "அப்ப வீட்டில என்னெண்டு கதைப்பீங்கள்?"

"மகள் இருந்தா மகளிட்டச் சொல்லுவம். இல்லாட்டி..." சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "பூனையிட்ட."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் பார்த்தார். திரும்பி வந்து, "சரி. இண்டைக்கு நான் பூனை" என்றார்.

என் கதிரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். மாமியின் கதிரையை யன்னலைப் பார்க்கத் திருப்பினார். தான் நடுவில் இருந்தார். மாமி உள்ளே வந்தார்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். ஆனால் என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கதைத்த முதல் இடம் அந்தச் சுவர். ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. "மருமகன்ட்டக் கேளுங்க மிஸ், ஏணில ஏறக்குள்ள என்ன செய்யிது எண்டு" என்றார் மாமி. நான் சுவருக்குச் சொன்னேன். நெஞ்சடிப்பு, மூச்சுமுட்டல், வேலையில்லாமல் பெண்வீட்டில் சோறு தின்னும் வெட்கம், எல்லாம். பிறகு மாமி, "அவரு விழுந்த நாள்ல இருந்து அந்த ஏணிய எனக்கும் பாக்க ஏலா. அதான் பின்வளவுக் கோடிக்குள்ள கொண்டுபோய் ஓலையால மூடி வெச்ச. அவரு களவு போயிட்டு எண்டு தேடினாராம். சொல்லுங்க" என்றார். அந்த ஏணியை நான் எத்தனை பேரிடம் விசாரித்தேன்!

அதற்குப் பிறகு காலையும் மாலையும் என் குளிசை ஒரு சின்னக் கோப்பையில் மேசைக்கு வரும். மாமி அதை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு கரண்டியால் சட்டியைத் தட்டுவார். நான் வந்து குடிப்பேன். அளவு குறையக் குறைய வியர்வையும் எரிச்சலும் வந்தன, ஆனால் தாங்கக் கூடியதாக வந்தன. ஏணிப் பயத்துக்கு மிஸ் தந்த வைத்தியம் ஏணிதான். முதலில் பக்கத்தில் நிற்பது. பிறகு ஒரு படி ஏறி, பயம் வந்தாலும் இறங்காமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நிற்பது. ஓடாமல் நின்றால் பயம் தானாக இறங்கும், அதை உடம்பு கண்டு பழக வேண்டும் என்றார். நான் வீட்டு வளவில் ஏணியில் நின்று நடுங்கும்போது குசினி யன்னலால் குரல் வரும்: "பூன, கம்பிய இறுக்கிப் பிடிக்கச் சொல்லு."

இரண்டு மூன்று படி ஏறியதும் எனக்குத் தலைக்கனம் வந்தது. மிஸ்ஸிடமும் கேட்காமல் சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டு வேலையை ஒப்புக்கொண்டேன். உயரமான மா மரத்தில் லைட் கட்ட வேண்டும். பாதியில் மணி அடித்தது. இறங்கி ஓடி, தெரிந்த ஒருவனிடம் கப்சியூல் வாங்கி அங்கேயே போட்டேன். ஒன்றோடு நிற்கவில்லை.

வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? அவர்கள் சொல்லுமுன் நானே போய்விடுவது மரியாதை என்று தோன்றியது. மாமி சந்தைக்குப் போன நேரம் பார்த்துச் சாரனையும் சேர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு மருதமுனையில் என்னுடன் பிறந்த ராத்தா வீட்டுக்குப் போனேன். ஸில்மியா போன் எடுத்துக்கொண்டே இருந்தாள், நான் தூக்கவில்லை. ராத்தா ஒன்றும் கேட்காமல் சோறும் மீன் ஆணமும் ஆக்கித் தந்தாள்.

புதன்கிழமை காலையில் வாசலில் ஓட்டோவொன்று ஹோன் அடித்தது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அண்ணன் முறையான றபீக் காக்காவின் ஓட்டோ. அவர் மட்டும் இறங்கி வந்தார். "தம்பி, ஒங்கட மாமி உள்ளுக்க இரிக்கா. இறங்கமாட்டாவாம். இண்டைக்குக் கிளினிக்காம், சுறுக்கா வரட்டாம்."

மருமகன் பிறந்த வீட்டுக்கு மாமி தேடி வருவது எங்களில் நடக்காத காரியம். "நான் வரல்ல எண்டு சொல்லுங்க காக்கா. மறுகாவும் குளிசை குடிச்சிட்டன் எண்டும் சொல்லுங்க."

காக்கா போனார், திரும்பி வந்தார். "குடிச்சது தெரியுமாம். குடிக்காட்டி கிளினிக் என்னத்துக்கு எண்டு கேக்கச் சொன்னா."

பின்னால் ராத்தா சிரித்துவிட்டாள். என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கையில் தந்தவளும் அவள்தான். நான் போய் றபீக் காக்காவுக்குப் பக்கத்தில் அரைச் சீட்டில் தொங்கிக்கொண்டேன், மாமி பின்னால்.

அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சுமந்து திரிந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். "மிஸ், என்னை எப்ப ஊட்ட விட்டுப் போகச் சொல்லப் போறாங்க எண்டு கேளுங்க. தெரிஞ்சா எனக்கு நிம்மதி."

மிஸ் கேட்கத் தேவைப்படவில்லை. யன்னல் பக்கம் கதிரை கிறீச்சிட்டது. "ஆரு மிஸ் போகச் சொன்ன? அவரு தானாப் பையக் கட்டி, தானா வெளிக்கிட்டுப் போயிட்டு, இப்ப என்னட்டக் கேக்காரு. ஊடு மகள்ட பேர்ல இரிக்கி, ஓம். ஆனா மாப்பிள்ள பாக்க மருதமுனைக்கு ஆளனுப்பினது நான். நான் தேடி எடுத்த புள்ளய நானே அனுப்புறதா? வருத்தக்காரன ரோட்டுல விடுற சனமா நாங்க? சரியான பைத்தியமா இரிக்காரே மிஸ் இந்த மனிசன்!"

சொன்ன பிறகுதான் எந்த அறையில் இருந்து என்ன சொல்லைச் சொன்னோம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். மிஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு நான் சுவரைப் பார்த்துச் சிரித்தேன், மாமி யன்னலைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடித்தபோது என் முகம் நனைந்திருந்தது. இனிப் போக வேண்டியதில்லை என்று தெரிந்த மனிதனுக்கு உடம்பு எவ்வளவு லேசாகிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

ஒரு தடவை சறுக்கினால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று மிஸ் சொன்னார். டொக்டர் அளவைத் திரும்பவும் சரிசெய்தார். ஸில்மியா லீவு கிடைக்கும் போதெல்லாம் வந்தாள். அவளோடு எனக்கு முகம் பார்த்தே கதைக்க முடிந்தது, அழவும் முடிந்தது. மெதுவாகக் குறைந்து குறைந்து, ஒரு நாள் டொக்டர் இனிக் கப்சியூல் வேண்டாம் என்றார். இப்போது வேலைக்குப் போகிறேன். ஏணியில் ஏறும்போது மணி சில வேளை அடிக்கும். அடிக்கட்டும் என்று நிற்பேன்.

இனி அடிக்கடி வரத் தேவையில்லை, எப்போதாவது வந்து பார்த்தால் போதும் என்று மிஸ் எனக்குச் சொன்ன நாளில், யன்னல் பக்கமிருந்து மாமி கேட்டார். "மருமகன் வரத் தேவல்ல எண்டா, நான் வந்தா என்ன மிஸ்?"

மாமா மௌத்தான நாளிலிருந்து மாமிக்கு ஒழுங்கான நித்திரை இல்லையாம். நெஞ்சுக்குள் ஏதோ அடைத்த மாதிரியாம். அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்த எனக்கு அது தெரியாது. ஸில்மியாவுக்கும் தெரியாது. கேட்டதுமில்லை. கேட்டாலும் நாங்கள் பூனையிடம்தானே கேட்டிருப்போம்.

இப்போது புதன்கிழமைகளில் நான் மாமியை ஓட்டோவில் கூட்டிப் போகிறேன். அவர் உள்ளே இருக்கும்போது நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. போன தடவை மிஸ் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். மாமிக்கு என்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். நான் போய் என் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"மருமகன்ட்டக் கேளுங்க மிஸ்" என்றார் மாமி. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "அவருக்கும் முதல்ல நித்திர இல்லாமத்தானே இருந்திச்சி. இப்பிடி வந்து வந்து கதைச்சா, மெய்யாவே வருமா எண்டு."

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. "வரும் எண்டு சொல்லுங்க மிஸ்" என்றேன். "உடன வராது. வராது எண்டு உட்டுப்போடச் சொல்லும் மனசு. உடாம வந்தா வரும். நான் கூட்டிட்டு வாரன் எண்டு சொல்லுங்க."

மிஸ் மாமியின் பக்கம் திரும்பிச் சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்னமே யன்னல் பக்கமிருந்து பதில் வந்தது.

"அப்ப சரி மகன்."